இனிமேல் சடுகுடு வேண்டாம்

தசரதா,

இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பவன் உன் தம்பி மணிதான். முதலில் பையை வாங்கி உள்ளே வை. காலையில் பொன்னேரியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூரில் இறங்கி, மணவாள நகர் வரைக்கும் ஓடியே வந்திருப்பான். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு என்ன ஆயிற்று என்று கேட்காதே, எந்த வேர்க்கடலைக்காரனிடம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மருமகள் செல்வியிடம் சொல்லி அவனுக்குச் சோறு போடு. அவன் தின்று முடிக்கிற வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது, அவன் தின்கிற தீனிக்கு அது கொஞ்ச நேரம் இல்லை. அதற்குள் ஒரு பக்கமாக உட்கார்ந்து இதைப் படித்துவிடு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அண்ணனைப் பார்க்கப் போகிறோம், கம்பெனி மைதானத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவதைப் பார்க்கப் போகிறோம் என்கிற குஷியில் வந்திருக்கிறான்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. உங்கம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "இன்னா எழுதிக்கிறான், சத்தமா படியேன்" என்றாள். படித்தேன். கம்பெனியில் சின்னப் பையன்களுக்கென்று ஒரு வாலிபால் டீம் ஆரம்பிக்கப் போகிறார்கள். ஏற்கெனவே ஆடுகிறவர்களின் தம்பிகளுக்குத்தான் முதல் இடம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மணி உன் வீட்டிலேயே தங்கி அங்கேயே ஹைஸ்கூல் படிக்கலாம், காலையிலும் மாலையிலும் பயிற்சி, படிப்பு முடிந்த கையோடு வேலையும் ஏறக்குறைய நிச்சயம். இதெல்லாம் நல்ல சேதிதான். கடைசி வரியை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். "இன்றிலிருந்து அவனை வேறு எந்த ஆட்டமும் ஆடவிடாதீர்கள். சடுகுடு கூடவே கூடாது." அம்மாவுக்கு அந்த வரி காதிலேயே விழவில்லை. "ரெண்டு புள்ளைங்களும் ஒரே ஊட்ல இருந்துட்டா எனக்கு இன்னாயா கவலை" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வார்த்தையை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது நீயும் என் பக்கத்தில்தான் நின்றாய்.

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. பொங்கல் முடிந்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு வாலிபால் போட்டி. ரயிலடிக்குப் பக்கத்துப் பொட்டலில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியிருந்தார்கள். காணும் பொங்கலன்று முழுக்க நம் ஊர் ஏரிக்கரையில் சடுகுடு ஆடிப் புரண்டு, முழங்கை இரண்டிலும் தோல் உரிந்துபோய் வந்திருந்தாய். அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஓங்கி அடித்த பந்தையெல்லாம் நீ தரையைத் தொட விடவில்லை. பூனை மாதிரித் தாழ்ந்து உட்கார்ந்து அள்ளி அள்ளி எடுத்தாய். நான் இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்துச் சுற்றி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நம்மிடம் வந்தார். அவர்தான் பிறகு உன் மேனேஜரானவர்.

"பையன் நல்லா தாழ உக்காந்து எடுக்கறான். சடுகுடு ஆடறவனா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சுத்துப்பட்டுல இவன மடக்க ஆளே இல்ல சார்" என்றேன். "அதானே பார்த்தேன். இந்தக் காலு அந்த ஆட்டத்துல வந்த காலு" என்றவர், அதே மூச்சில் உன்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமேல் சடுகுடு வேண்டாம். முட்டி போச்சுன்னா எங்களுக்கு யூஸ் இல்ல." நீ தலையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். எந்த ஆட்டத்தால் அவருக்கு உன்னைப் பிடித்துப்போயிற்றோ அந்த ஆட்டத்தையே விடச் சொல்கிறாரே என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. பத்து வருஷம் கழித்து உன் அடிக்கோட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நானும் மெதுவாக யோசிக்கிற ஆள்தான், உங்கம்மா சொல்வதில் தப்பில்லை.

உன்னை அனுப்பியது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அப்படி ஒரு அழுமூஞ்சிக் கடிதம் இது என்று நினைத்துவிடாதே. அந்த வருஷம் ஏரி காய்ந்து இரண்டாம் போகம் கருகிக் கிடந்தது. வீட்டில் வயசுக்கு வந்த பெண் வசந்தா இருந்தாள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, உங்கள் பிள்ளை பந்து ஆடினால் போதும், மாசச் சம்பளம் தருகிறோம் என்றால், வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமா? இன்னொரு தடவை அதே மாதிரி வந்து நின்றாலும் அதே மாதிரிதான் கும்பிடுவேன். வசந்தா இன்றைக்குச் சோழவரத்தில் நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறாள் என்றால் அது உன் கை அடித்த அடி. கிணற்றில் ஓடுகிற மோட்டார் அந்தக் கை வாங்கிப் போட்டது. இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்தால் நீ என்னைப் புரிந்துகொள்ளவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. நீ வேலைக்குப் போன பிறகு ஊருக்கு வருகிறபோதெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். காணும் பொங்கலுக்கு வருவாய். பையன்கள் கோடு போட்டு ஆடுவார்கள். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ஓரமாக நிற்பாய். முதல் வருஷம் "வாடா தசரதா" என்று இழுத்தார்கள், நீ சிரித்துச் சமாளித்தாய். இரண்டாம் வருஷம் சும்மா கேட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஆற்றில் இறங்கமாட்டாய், சளி பிடிக்கும் என்பாய். வண்டிச் சக்கரம் சேற்றில் மாட்டினால் தோள் கொடுக்கமாட்டாய், விலா பிடித்துக்கொள்ளும் என்பாய். ஒரு தடவை அம்மா ஆசையாக நண்டு வைத்தாள். ஓட்டைக் கடிக்கும்போது விரலில் குத்தினால் சனிக்கிழமை மேட்ச் ஆட முடியாது என்று, சதையை எடுத்துத் தரச் சொன்னாய். செல்வி உதிர்த்துக் கொடுத்தாள், நீ தின்றாய். அன்றைக்கு உன்னை நான் கேலி பண்ணினேன், எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஏரி விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் பேசக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு நீ வந்திருந்தாய். மழை விடாமல் அடித்து, காலையில் ஏரிக்கரையின் வடகோடியைத் தண்ணீர் அரிக்க ஆரம்பித்துவிட்டது. தமுக்கு அடித்தார்கள். நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தமுக்குச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் தண்ணீரில் இறங்கியாக வேண்டும், பணக்காரன், ஏழை என்கிற பேச்சே கிடையாது. நீ என் பின்னாலேயே ஓடி வந்தாய். கரைமேல் வந்ததும் நின்றுவிட்டாய். மார்பளவு தண்ணீரில் ஆட்கள் தோளோடு தோள் சேர்த்து நின்று, வைக்கோலும் மூங்கிலும் மண்மூட்டையுமாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். உன் கை ஒரு தடவை சட்டைப் பித்தானுக்குப் போனது, பார்த்தேன். போன கை அப்படியே திரும்பி உன் வலது தோளைப் பிடித்துக்கொண்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அப்போதே எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, முதல் மூட்டையைத் தூக்கியதுமே மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற முனுசாமி, உன்னோடு சேர்ந்து ஆடினவன், மேலே உன்னை ஒரு பார்வை பார்த்தான். இன்னொருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முனுசாமி அவனை அடக்கினான். "அவரு கம்பெனி ஆளுபா, உடு" என்றான்.

அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு வலித்திருக்காது. "டேய்" என்று கூப்பிட்டுக் கட்டிப் புரண்டவன், உன்னை "அவரு" என்கிறான். மரியாதையாகச் சொல்லி உன்னை ஊரை விட்டே வெளியே வைத்துவிட்டான். உன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தண்ணீரிலேயே அழுதிருப்பேன். கரை நின்றுவிட்டது, வீட்டுக்கு வந்தோம், நீ எனக்கு வெந்நீர் எடுத்து வைத்தாய். நீ கோழை இல்லை, தசரதா. பயந்த பிள்ளையும் இல்லை. உன் உடம்பு உன்னுடையதாக இல்லை, அவ்வளவுதான். அதை ஒரு இடத்தில் கொடுத்துவிட்டாய், அவர்களைக் கேட்காமல் அதை நனைக்கக்கூட உனக்கு வழியில்லை.

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா மகன் கன்னியப்பனைக் காட்டுவாய். அவனும் எல்லா ஆட்டமும் ஆடினான். சடுகுடு, வாலிபால், பூப்பந்து, ஓட்டம், நீச்சல், ஒன்றையும் விடவில்லை, எதிலும் இரண்டாவதாகத்தான் வந்தான். எந்தக் கம்பெனிக்காரனும் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இப்போது செங்கல் சூளையில் கூலிக்கு நிற்கிறான். "எல்லாத்தையும் ஆடினா ஒண்ணும் தேறாது நைனா" என்று நீ சொன்னபோது என்னிடம் மறுபேச்சு இல்லை, இன்றைக்கும் இல்லை. கம்பெனியில் ஒரு ஆட்டத்துக்குத்தான் வேலை தருகிறான், ஐந்து ஆட்டத்துக்கு ஐந்து வேலை தருவதில்லை. ஆனால் கன்னியப்பன் சாயங்காலம் சூளையிலிருந்து வந்து, மேல் கழுவிக்கொண்டு, பையன்களோடு பந்து அடிக்கப் போகிறான். நீ கடைசியாகச் சும்மா ஆடியது எப்போது? சம்பளம் இல்லாமல், மேனேஜர் இல்லாமல், சிரித்துக்கொண்டு? எனக்குத் தெரிந்து பத்து வருஷமாக இல்லை. இதை வைத்துக்கொண்டு கன்னியப்பன்தான் நன்றாக வாழ்கிறான் என்று சொல்லிவிட்டால் அது பச்சைப் பொய். அவன் பெண்டாட்டியைக் கேட்டால் தெரியும். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழி அடைத்துத்தான் இருக்கிறது.

இன்னொன்று. செல்வியைத் திட்டாதே, போன மாசம் வந்தபோது அவள்தான் சொன்னாள். தலை வாரக்கூட உன் வலது கையைத் தூக்க முடியவில்லையாம். சட்டையை அவள்தான் மாட்டிவிடுகிறாளாம். பத்து வருஷம் ஒரே கை, ஒரே வீச்சு, ஒரே அடி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, வாசனை தெரியக் கூடாது என்று மேலே பவுடரைப் பூசிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறாயாம். மேனேஜருக்குத் தெரிந்தால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் கம்பெனியில் இரும்பு உருக்குகிற உலைப் பக்கம் ஷிப்டு, அந்தத் தோளை வைத்துக்கொண்டு அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டாய். இதைச் சொல்லிவிட்டு, "மாமா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, பேஜாராயிடும்" என்று அழுதாள். சொல்லிவிட்டேன், என்ன செய்வது. உன் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. நீ மணியைக் கேட்பது அவனுக்காக மட்டும் இல்லை. உன் தோள் விழுவதற்கு முன்னால் இந்த வீட்டிலிருந்து இன்னொரு தோளை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று பார்க்கிறாய். குற்றமாகச் சொல்லவில்லையடா. குடும்பத்துக்காகத்தான் நினைக்கிறாய், தெரிகிறது. தெரிவதால்தான் எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

மணியைப் பற்றிச் சொல்கிறேன், நீ அவனைச் சரியாகப் பார்த்ததில்லை. நீ போகும்போது அவன் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பொடியன். இப்போது காலையில் எழுந்தால் ஆற்றில் குதிக்கிறான், பள்ளிக்கூடத்தில் வாலிபால், சாயங்காலம் சடுகுடு, நடுவில் யாராவது பூப்பந்து மட்டையோடு வந்தால் அதையும் விடுவதில்லை. வாலிபாலில் உன்னைப் போலவே தாழ உட்கார்ந்து எடுக்கிறான். அந்த மேனேஜர் பார்த்தால் அதே கேள்வியைத்தான் கேட்பார், அதே மூச்சில் அதே கட்டளையும் போடுவார். கட்டிவைத்தால்கூட நிற்கிற பிள்ளை இல்லை. உங்கம்மா அவனைத் திட்டாத நாள் இல்லை, அவன் சிரிக்காத நாளும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் சாயங்காலம் நான் ஏரிக்கரைப் பக்கம் போனேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனான். என்ன பாடினான் தெரியுமா? "கரை மேல வரான் பாரு, கையத் தொட்டா காலி, காலி காலி காலி காலி..." நீ பதினைந்து வயதில் நீயே கட்டின பாட்டு. வேறு எவனும் அதைப் பாடிப் போகக் கூடாது என்று சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்டு வந்தாயே, அதே பாட்டு. ஆட்டம் முடிந்து வரும்போது கேட்டேன், இதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று. "யாரும் கத்துக் குடுக்கல நைனா. இது நம்ம ஊரு பாட்டு, எல்லாரும் இதத்தான் பாடுவோம்" என்றான். உன் பாட்டு ஊரில் நின்றுவிட்டது, உன் பெயர் அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் வந்ததும் அவனே கேட்டான்: "ஏன் நைனா, அண்ணனுக்குச் சடுகுடு ஆடத் தெரியுமா?"

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். சுற்றுவட்டாரத்தில் உன்னை மடக்க ஆள் இல்லாமல் இருந்த ஊரில், உன் கூடப் பிறந்தவனே இப்படிக் கேட்கிறான். "தெரியும்" என்றேன். "அப்போ ஏன் ஆடறதில்ல?" என்றான். அந்தக் கேள்வியைத்தான் இப்போது உன்னிடம் அனுப்பியிருக்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் பார்.

மேனேஜர் தகப்பன் சம்மதம் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். எழுத உட்கார்ந்தேன். சரி என்று எழுதப் போனால், அந்தத் தண்ணீரும் கரைமேல் நின்ற நீயும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறீர்கள். முடியாது என்று எழுதப் போனால், உன் தோளும் செல்வியின் அழுகையும் சூளையில் நிற்கிற கன்னியப்பனும் வருகிறார்கள். இந்த வயதில் பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே என்னால் முடியாததை நீ செய்.

உன் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறதே, அவன் சாப்பிட்டதும் அங்கே கூட்டிப் போ. கோடு அவன் போடுவான். நீ செருப்பைக் கழற்று. சட்டையைச் செல்வி கழற்றிவிடட்டும். அவன் எதிரில் உன் பாட்டை ஒரே ஒரு தடவை பாடிப் போ. வலது தோள் தூக்க வராவிட்டால் இடது கையால் தொடு, காலால் தொடு, உனக்கா தெரியாது? அவன் உன்னை மடக்கினாலும் மடக்குவான், முரட்டுப் பயல், விழுந்தால் இரண்டு பேரும் மண்ணில் புரளுங்கள். பிறகு எழுந்து, மூச்சு அடங்கியதும் அவன் கண்ணைப் பார்த்து, நீயே உன் வாயால் சொல், "இனிமேல் சடுகுடு வேண்டாம்" என்று. சொல்ல முடிந்தால் அவனை மேனேஜரிடம் கூட்டிப் போ. அதுதான் என் சம்மதம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன், சாகிற வரைக்கும் கேட்கவும் மாட்டேன். சொல்ல வாய் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவனை ரயில் ஏற்றிவிடு. உன் தோளுக்கு அப்புறம் என்ன என்பதை நாம் எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்போம். நிலம் இருக்கிறது, நான் இருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இருக்கிறோம்.

ஞாயிறு சாயங்கால வண்டிக்கு நான் பொன்னேரி ஸ்டேஷனில் நிற்பேன். யாரும் இறங்காவிட்டால் திரும்பிப் போய், பிள்ளைக்கு வேலை நிச்சயம் என்று உங்கம்மாவிடம் சிரித்த முகமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவன் மட்டும் இறங்கினால் பையை வாங்கிக்கொள்வேன். வேலையை விட்டுவிட்டு வா என்று உனக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு நீயும் அவனோடு இறங்கினால், நேராக ஏரிக்கரைக்குப் போவோம். முனுசாமியிடம் நான் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன், உன்னை "டேய்" என்று கூப்பிடச் சொல்லி.

உன் நைனா